தொடாமல் படிக்கும் கருவிகள்

மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் ஒரு மூலையில் சின்னதாய் ஒரு பிளாஸ்டிக் தாழ் இருக்கும். அதை நகர்த்தினால் ஒரு துளை திறக்கும். துளை திறந்திருக்கும்வரை டிரைவ் அந்த ஃபிளாப்பியில் எதையும் எழுதாது, படிக்க மட்டுமே செய்யும். பழைய ஃபிளாப்பி ஒன்று கைக்கு வந்தால், கணினியில் செருகும் முன்பே அந்தத் துளையைத் திறந்துவைத்துவிட வேண்டும். நீங்கள் எதையும் எழுதப்போவதில்லை என்பது சரிதான். ஆனால் கணினி எழுதும். உங்களைக் கேட்காமலே எழுதும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பென்டிரைவைப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் செருகி எடுத்தாலே ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற மறைவுக் கோப்புறை அதில் வந்து சேர்ந்திருக்கும். மேக் கணினியில் செருகினால் புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு வேறு சில சேர்ந்திருக்கும். புதிய பென்டிரைவுக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. முப்பது ஆண்டுப் பழைய வட்டுக்கு நிலைமை வேறு. அதில் காலியாகத் தெரியும் இடம் உண்மையில் காலி இல்லை. அழிக்கப்பட்ட எழுத்துகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. கணினி தன் வசதிக்கு எழுதும் ஒவ்வொரு பைட்டும் அவற்றில் ஒன்றின் மேல் விழலாம்.

சிம்பாங் பூலாயில் இருந்துகொண்டு இதைப் பேசக் காரணம் உண்டு. ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்குச் சாலை பிரியும் ஊர் இது. சுண்ணாம்புக் குன்றுகளும் கல்லுடைப்பு ஆலைகளும் அவற்றுக்கு ஓடும் லாரிகளும்தான் வழிப்போக்கர் கண்ணில் படும். கிந்தா பள்ளத்தாக்கின் தோட்டங்களில் தமிழர் பால் வெட்டினார்கள். பிறகு பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; இன்னும் பல இடங்களில் தாமான் வந்தது. லயத்து மக்கள் இப்படிக் கலைந்துகொண்டிருந்த அதே 1980களிலும் 1990களிலும்தான் தமிழ் கணினிக்குள் நுழைந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு மென்பொருள் இந்த நாட்டில் தமிழ்த் தட்டச்சைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. கோயில் திருப்பணியின் நன்கொடைப் பட்டியல், பள்ளியின் பரிசளிப்பு விழா மலர், சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிய ஆண்டறிக்கை போன்றவை அன்று இப்படித் தட்டச்சு செய்யப்பட்டு ஃபிளாப்பியில் சேமிக்கப்பட்டன. அச்சான தாள் கறையானுக்குப் போயிருந்தால், ஒரு தோட்டத்தின் கடைசி ஆண்டுகளுக்கு அந்த ஃபிளாப்பி மட்டுமே சாட்சியாக நிற்கக்கூடும்.

அதற்கும் நாள் குறைந்துகொண்டே வருகிறது. வட்டின் காந்தப் பூச்சு வலுவிழக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் மேல் பூஞ்சணம் பிடிக்கும். சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்தியது. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இன்னமும் வாங்கக் கிடைக்கிறது. ஈப்போ யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸ் பக்கம் கேட்டுப் பார்க்கலாம், இணையத்திலும் வாங்கலாம். டிரைவ் கிடைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி, வட்டை எப்படிப் படிப்பது என்பது.

நாம் பழகிய வழிக்கு ‘மவுண்ட்’ என்று பெயர். 1971இல் வெளிவந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இந்தக் கட்டளை உண்டு. வட்டு ஒன்றைக் கணினியின் கோப்பு மரத்தில் ஒரு கிளையாகச் சேர்க்கும் வேலை அது. சேர்த்த கணத்திலிருந்து அந்த வட்டு இயங்குதளத்தின் நிர்வாகத்துக்குள் வந்துவிடுகிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் கணக்கு வைத்துக்கொள்ளும், எழுத வேண்டியதைத் தானே முடிவு செய்யும், முதலில் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு வட்டில் எழுதும். அன்றாட வேலைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பை எடுத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் மவுண்ட் செய்தால், இத்தனையாவது முறை, இன்ன நேரத்தில் என்ற விவரம் வட்டின் தலைப்புப் பகுதியில் எழுதப்படும். ‘படிக்க மட்டும்’ என்று சொல்லி மவுண்ட் செய்தாலும் முழுக் காப்பு கிடைப்பதில்லை. முன்பு மின்சாரம் போய் வட்டு பாதியில் நின்றிருந்தால், அதன் ஜர்னல் ஏட்டில் முடியாமல் கிடக்கும் வேலைகளை முடித்துவைத்த பிறகுதான் கெர்னல் அதைக் காட்டும். மவுண்ட் கட்டளையின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. ஒரு வட்டு கடைசியாக எந்த நிலையில் இருந்தது என்பதை அறிய விரும்புகிறவருக்கு, பார்த்த பார்வையிலேயே அந்த நிலை மாறிவிடுகிறது.

இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு இது கணினி உலகின் அழகான யோசனைகளில் ஒன்றாகப் படுகிறது. வட்டை இயங்குதளத்திடம் ஒப்படைக்காமல், வெறும் பைட்டுகளின் வரிசையாக மட்டும் திறப்பது. 1.44 எம்பி ஃபிளாப்பி என்று நாம் சொல்வது சரியாக 1,474,560 பைட்டுகள். அந்த வரிசையில் எந்த இடத்தில் எது எழுதப்பட்டிருக்கும் என்ற இலக்கணம் தெரிந்த ஒரு சின்ன நிரல், தானே எண்ணிப் போய், தானே பட்டியலைப் படித்து, கேட்ட கோப்பை மட்டும் எடுத்து வெளியே வைக்கும். கெர்னலுக்கு அந்த வட்டில் கோப்புகள் இருப்பதே தெரியாது.

இந்த வகையில் புகழ்பெற்றது எம்டூல்ஸ். 1980களில் இதை எழுதியவர் எம்மட் கிரே. அமெரிக்க ராணுவத்தின் ஃபோர்ட் ஹூட் முகாமில், பொறியியல் பிரிவின் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். யூனிக்ஸ் கணினிகளில் இருந்துகொண்டு எம்எஸ்-டாஸ் ஃபிளாப்பிகளைப் படிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. டாஸின் ‘டிர்’, ‘காப்பி’, ‘டெல்’, ‘டைப்’ கட்டளைகளுக்கு முன்னால் ஓர் ‘எம்’ சேர்த்து எம்டிர், எம்காப்பி, எம்டெல், எம்டைப் என்று வைத்தார். பின்னாளில் அலன் நாஃப், டேவிட் நீமி இருவரும் பொறுப்பேற்று வளர்த்தார்கள். தலைமைப் பயனர் அனுமதி இல்லாத சாதாரணப் பயனரும் தன் கோப்புறையில் கிடக்கும், ஃபிளாப்பியின் முழு நகலான ஒரு படிமத்தை இதைக்கொண்டு திறந்து, பட்டியலிட்டு, கோப்பை எடுத்து, கோப்பைச் சேர்த்து மூட முடியும். மவுண்ட் செய்வதென்றால் அதே வேலைக்குப் பொதுவாக நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும்.

கருவியைத் தொடும் முன் ஒரு வேலை உண்டு. நலிந்த வட்டை மறுபடி மறுபடி படிப்பது அதை இன்னும் நலிய வைக்கும். ஆகவே ஒரே ஒருமுறை, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டுவரை நகலெடுத்துப் படிமம் ஒன்றை உருவாக்கிக்கொண்டு, மூல வட்டை எடுத்து வைத்துவிட வேண்டும். இதற்கு உகந்தது அன்டோனியோ தியாஸ் தியாஸ் எழுதி 2004இல் வெளியிட்ட ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. முதலில் சிக்கலின்றிப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் எடுத்துவிடும். கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும். சாதாரண நகல் கட்டளை முதல் கெட்ட இடத்திலேயே கைவிட்டுவிடும். சாகக் கிடக்கும் வட்டில், படிக்க முடிந்ததை முதலில் காப்பாற்ற வேண்டும் என்ற இந்த வரிசை முறைதான் பலருடைய எழுத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறது. ஐந்தேகால் அங்குல வட்டுகளையும் பழைய மேக் கணினியின் 800 கேபி ஃபிளாப்பிகளையும் யூஎஸ்பி டிரைவ் படிக்காது. அவற்றுக்குப் பழைய டிரைவோடு கிரீஸ்வீசில் போன்ற பலகையை இணைத்து, காந்த மாற்றங்களையே நேரடியாகப் பதிவெடுக்க வேண்டும். அப்படி எடுத்த மேக் படிமத்தை ராபர்ட் லெஸ்லி எழுதிய எச்எஃப்எஸ்யூட்டில்ஸ் படிக்கும். அதுவும் கெர்னலை நாடாத கருவிதான்.

படிமம் கையில் வந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது?

1.44 எம்பி டாஸ் ஃபிளாப்பி 512 பைட் கொண்ட 2,880 கூறுகளால் ஆனது. இந்தக் கூறுக்கு செக்டர் என்று பெயர். முதல் செக்டர் வட்டின் அளவுகளைச் சொல்கிறது. அதன் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்று இருந்தாக வேண்டும். அதையடுத்து ஒன்பது செக்டர்களில் ஃபேட் அட்டவணை. அதற்கடுத்த ஒன்பது செக்டர்களில் அதே அட்டவணையின் நகல், ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. அதன்பின் பதினான்கு செக்டர்களில் கோப்புகளின் பெயர்ப் பட்டியல், ஆக மொத்தம் 224 இடங்கள். அதற்குப் பிறகு வரும் 2,847 செக்டர்களும் எழுத்துக்கு உரியவை; அவற்றுக்குத் துண்டு என்று தனி எண் வரிசை உண்டு.

பெயர்ப் பட்டியலில் ஒரு கோப்புக்கு 32 பைட் இடம். பெயருக்கு எட்டு, பின்னொட்டுக்கு மூன்று. நேரத்துக்கும் தேதிக்கும் இரண்டிரண்டு. எந்தத் துண்டில் கோப்பு தொடங்குகிறது என்பதற்கு இரண்டு, அளவுக்கு நான்கு. மீதி குணங்களுக்கும் ஒதுக்கீட்டுக்கும். நேரத்துக்கு இரண்டே பைட் என்பதால் வினாடிகளை முழுதாக எழுத இடம் போதவில்லை. இந்தக் கோப்பமைப்பில் திருத்த நேரம் இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் நகரும். ஆண்டு 1980இல் தொடங்கி 2107இல் முடிகிறது. அதற்கு மேல் எழுத இடமில்லை.

ஒரு கோப்பு 50ஆம் துண்டில் தொடங்குகிறது என்று பட்டியல் சொன்னால், அதனோடு 31ஐக் கூட்டினால் செக்டர் எண் வரும். 81ஆம் செக்டர். அதை 512ஆல் பெருக்கினால் 41,472. படிமத்தின் அந்த பைட்டில் போய் நின்றால் கோப்பின் முதல் எழுத்து இருக்கும். கோப்பு 3,000 பைட் என்றால் ஆறு துண்டுகள் வேண்டும். 50க்கு அடுத்த துண்டு எது என்பதை ஃபேட் அட்டவணையில் 50ஆம் இடத்தைப் பார்த்து அறியலாம். அங்கே 51 என்றிருந்தால் 51. வேறொரு எண் இருந்தால் அங்கே தாவ வேண்டும். எம்டூல்ஸ் தொகுப்பில் எம்ஷோஃபேட் என்றொரு கட்டளை இந்தச் சங்கிலியை அப்படியே அச்சிட்டுக் காட்டும். காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒருமுறை நீங்களே எண்ணிப் பார்த்து, கருவி சொல்லும் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும்போது, கணினிக்குள் மாயம் எதுவும் இல்லை, ஒழுங்கு மட்டுமே இருக்கிறது என்பது கையால் தொட்டதுபோல் தெரியும்.

இப்போது அழித்தல். ஃபேட் வட்டில் ஒரு கோப்பை அழித்தால் நடப்பது மிகக் கொஞ்சம். பெயர்ப் பட்டியலில் அதன் முதல் எழுத்தின் மேல் 229 என்ற எண் எழுதப்படும். அட்டவணையில் அதன் சங்கிலி சுழியாக்கப்படும். அவ்வளவே. பெயரின் மீதி எழுத்துகள், தேதி, தொடக்க இடம், அளவு எல்லாம் பட்டியலில் அப்படியே நிற்கும். எழுத்து இருந்த துண்டுகளை யாரும் தொடுவதில்லை. தோட்டத்துக் கிராணி செக்ரோலில் ஒரு பெயரை வெட்டிவிட்டால் அந்த ஆள் லயத்திலிருந்து அன்றே மறைந்துவிடுவதில்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு குடும்பம் வரும்வரை அங்கேதான் இருப்பார். வட்டிலும் அப்படித்தான், புதுக் கோப்பு அந்த இடத்துக்கு வரும்வரை பழைய எழுத்து இருக்கும். ஃபிளாப்பியில் கோப்புகள் பெரும்பாலும் அடுத்தடுத்த துண்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதால், சங்கிலி போனாலும் தொடக்கமும் அளவும் இருந்தால் முழுக் கோப்பையும் மீட்டுவிட முடிகிறது.

இந்த 229இல் ஆசியர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஜப்பானியக் குறியீட்டு முறையில் சில கஞ்சி எழுத்துகளின் முதல் பைட் அதே 229. அப்படி ஒரு பெயர் வைத்தால் கோப்பு பிறக்கும்போதே அழிந்ததாகக் கணக்காகிவிடும். ஆகவே அந்த எழுத்தில் தொடங்கும் பெயருக்கு 229க்குப் பதிலாக 5 என்று எழுத வேண்டும் என்று விதி செய்தார்கள். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டிய அமைப்பில் மற்ற மொழிகளுக்காகப் பின்னால் போடப்பட்ட ஒட்டுகள் இப்படி ஏராளம்.

லினக்ஸ் வட்டுகள் வேறு மாதிரி. எக்ஸ்ட்2 கோப்பமைப்பை 1993இல் ரெமி கார் வடிவமைத்தார். எக்ஸ்ட்4 அதன் வழித்தோன்றல். இந்தக் குடும்பத்து வட்டுகளை மவுண்ட் செய்யாமல் பார்க்க தியோடர் சோ உருவாக்கிய கருவி டிபக்எஃப்எஸ். எழுதும் அனுமதியை நீங்களாகக் கேட்டால் ஒழிய அது வட்டைப் படிக்க மட்டுமே திறக்கும். உள்ளே போனதும் ஒரு சின்னக் கட்டளைக் களம் வரும். அங்கே ‘எல்எஸ்’ என்றால் பட்டியல், ‘ஸ்டாட்’ என்றால் ஒரு கோப்பின் முழு ஜாதகம், ‘டம்ப்’ என்றால் அந்தக் கோப்பை எடுத்து வெளியே வைக்கும், ‘ஆர்டம்ப்’ ஒரு கோப்புறையையே வாரி எடுத்துவிடும்.

இந்த வட்டுகளின் தலைப்புப் பகுதிக்கு சூப்பர்பிளாக் என்று பெயர். அது போனால் வட்டு முழுவதும் அர்த்தமற்ற எண்களாகிவிடும். மவுண்ட் கட்டளை கையை விரித்துவிடும். அதனால் வடிவமைத்தவர்கள் அதன் நகல்களை வட்டில் பல இடங்களில் தூவி வைத்தார்கள். வழக்கமான அமைப்பில் 128 எம்பிக்கு ஒரு குழு என்று வட்டு பிரிக்கப்படுகிறது. முதல் குழுவின் எண் 0. அதையடுத்து 1, பிறகு 3, 5, 7 ஆகியவற்றின் மடிப்பெருக்குகளான 3, 5, 7, 9, 25, 27, 49 என்று நீளும் எண்ணுள்ள குழுக்களில் மட்டும் நகல் இருக்கும். எல்லாக் குழுவிலும் வைத்தால் இடம் வீண். எங்குமே வைக்காவிட்டால் ஆபத்து. பகா எண்களின் மடிகளைக் கொண்டு இடம் குறித்ததால், வட்டு வளர வளர நகல்களின் இடைவெளி அகன்றுகொண்டே போகிறது. முகப்பு சிதைந்த வட்டில் டிபக்எஃப்எஸ்ஸுக்கு பிளாக்கின் அளவையும் 32,768ஆம் பிளாக்கையும் காட்டி, ‘அங்கிருந்து படி’ என்று சொன்னால் போதும், அது கோப்புகளைப் பட்டியலிடத் தொடங்கிவிடும்.

அழிந்த கோப்பு விஷயத்தில் மட்டும் இந்தக் குடும்பம் ஃபேட்டைவிடக் கடுமையானது. எக்ஸ்ட்2 வட்டில் அழித்தவற்றை டிபக்எஃப்எஸ்ஸின் ‘எல்எஸ்டெல்’ கட்டளை காட்டும். எக்ஸ்ட்3 வந்த பிறகு, கோப்பை அழிக்கும்போதே அது எங்கே இருந்தது என்ற குறிப்புகளும் துடைக்கப்பட்டன. எழுத்து வட்டில் இருக்கும், போகும் வழிதான் இருக்காது.

இந்தக் கருவிகளைப் பற்றி ஒரே ஒரு கண்டிப்பான விதி சொல்ல வேண்டும். மவுண்ட் ஆகியிருக்கும் வட்டில் இவற்றைக்கொண்டு எதையும் எழுதக் கூடாது. கெர்னல் தன் நினைவகத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கும்; நீங்கள் அதன் முதுகுக்குப் பின்னால் வட்டில் வேறொரு கணக்கு எழுதிவிடுவீர்கள். அடுத்த முறை கெர்னல் தன் கணக்கை வட்டில் இறக்கும்போது இரண்டும் மோதி, இருந்த கோப்பும் போய்விடும். படிமத்தில் வேலை செய்தால் இந்தப் பயமே வேண்டாம்.

யாரோ கொடுத்த, எங்கிருந்தோ வந்த வட்டு என்றால் வேறொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. மவுண்ட் செய்தால் அந்த வட்டின் பைட்டுகளைக் கெர்னலே நேரடியாக அலசுகிறது. கணினியின் முழு அதிகாரமும் உள்ள இடம் அது. கெட்டுப்போன ஒரு வட்டோ, வேண்டுமென்றே கோணலாக எழுதப்பட்ட ஒரு வட்டோ கெர்னலைச் சாய்த்தால் கணினியே சாயும். எம்டூல்ஸோ டிபக்எஃப்எஸ்ஸோ தடுமாறினால் அந்த நிரல் மட்டும் நின்றுபோகும். ரெட் ஹாட்டில் ரிச்சர்ட் ஜோன்ஸ் 2009இல் தொடங்கிய லிப்கெஸ்ட்எஃப்எஸ் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது. ஐயத்துக்குரிய வட்டைத் திறக்க ஒரு குட்டி மெய்நிகர் கணினியையே எழுப்பி, வேலை முடிந்ததும் அதைக் கலைத்துவிடும்.

எம்டூல்ஸ் பழங்காலத்துப் பொருள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்றைய கணினிகள் பல விழித்தெழும்போது முதலில் தேடிப் போவது ஒரு ஃபேட் பகுதியைத்தான். லினக்ஸ் நிறுவல் வட்டுகளைத் தயாரிப்பவர்கள் அந்தப் பகுதியை உருவாக்க எம்ஃபார்மேட்டையும், அதில் கோப்புகளை வைக்க எம்காப்பியையும் பயன்படுத்துகிறார்கள். கிரப் துவக்க நிரலின் மீட்பு வட்டுக் கருவிக்கு எம்டூல்ஸ் இல்லாமல் அந்த வேலை நடக்காது. டாஸ் ஃபிளாப்பிக்காக எழுதிய கட்டளைகள் நாற்பது ஆண்டுக்குப் பின்னும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வட்டைத் தொடாமல் படிப்பதில் மனித உயிரும் பேரும் எவ்வளவு தொங்குகின்றன என்பதற்குத் தமிழர் ஒருவரின் வழக்கே சாட்சி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களிடையே பணிசெய்த இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி. 2019 ஜூன் 12ஆம் தேதி அவருடைய கணினி கைப்பற்றப்பட்டது. மாவோயிஸ்டுத் தொடர்பு என்று குற்றம்சாட்டிய பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதானார். 2021 ஜூலை 5ஆம் தேதி, 84 வயதில், காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். வழக்கறிஞர்களிடம் இருந்த அவருடைய வட்டின் மின்னணு நகலை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் ஆய்ந்தது. 2022 டிசம்பரில் வெளிவந்த அதன் அறிக்கை, ஊடுருவியவர் ஒருவர் 2014 முதல் அந்தக் கணினிக்குள் இருந்தார் என்றும், நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளை அவர்தான் அதில் கொண்டுவந்து வைத்தார் என்றும், கைப்பற்றுவதற்கு முந்தைய நாள் தன் தடயங்களை அழிக்க முயன்றார் என்றும் சொல்கிறது. தேசியப் புலனாய்வு முகமை இதே வழக்கில் ஆர்சனலின் அறிக்கைகளை எதிர்த்திருக்கிறது.

ஒரு கோப்பை யார் வைத்தார் என்பது எப்படித் தெரியும்? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு நேரங்கள் கொண்ட பதிவு ஒன்று அல்ல, குறைந்தது இரண்டு இருக்கின்றன. ஒன்றை நாம் திரையில் பார்க்கிறோம். அதை மாற்றி எழுதுவது எளிது. மற்றொன்று பெயரோடு ஒட்டிக் கிடப்பது. சாதாரண நிரல்கள் அதைத் தொடுவதில்லை. கோப்புகள் பிறந்ததும் பெயர் மாறியதும் அழிந்ததும் இன்னொரு ஏட்டில் வரிசையாக விழுகின்றன. இவை ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில்தான் ஆய்வாளர் நின்று பார்ப்பார். ஆனால் அந்த ஏடு நீளமானது அல்ல. நிறைந்ததும் பழையது உதிர்ந்துவிடும். கைப்பற்றிய வட்டை யாராவது ஆர்வத்தில் ஒரு கணினியில் சாதாரணமாகச் செருகி நான்கு கோப்புகளைத் திறந்து பார்த்தாலே போதும், ஒரு மனிதரைக் காப்பாற்றக்கூடிய வரிகள் உதிர்ந்துபோகலாம். எனக்கு இந்தக் கருவிகள் மேல் உள்ள மரியாதை இங்கேதான் வேர் பிடிக்கிறது.

இத்தகைய ஆய்வுக்கென்றே டேன் ஃபார்மரும் வீட்சே வெனமாவும் ஒரு கருவித் தொகுப்பை 2000இல் வெளியிட்டார்கள். அதை ஒட்டி பிரையன் கேரியர் உருவாக்கியது ஸ்லூத் கிட். ஃபேட், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட், மேக் என்று எந்த வட்டுப் படிமத்தைக் கொடுத்தாலும் அதன் எஃப்எல்எஸ் கட்டளை பட்டியலிடும். அழிக்கப்பட்ட கோப்புகளின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடும். ஐகாட் கட்டளைக்கு அந்தக் கோப்பின் எண்ணைச் சொன்னால் உள்ளடக்கத்தை எடுத்துத் தரும். விலை இல்லை, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

பெயர்ப் பட்டியலே போய்விட்ட வட்டில் என்ன செய்வது? படம், காணொளி போன்றவற்றுக்குத் தொடக்க பைட்டுகள் அடையாளமாக இருக்கும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் அவற்றைப் பிடித்துவிடும். வெறும் தமிழ் எழுத்துக் கோப்புக்கு அப்படி அடையாளம் கிடையாது. அதற்கு நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. 1990களின் கடைசியில் பரவிய டிஸ்கி குறியீட்டில் ‘தமிழ்’ என்ற சொல் நான்கே பைட். 190, 193, 162, 250. முதலாவது த, இரண்டாவது ம, மூன்றாவது இகரக் கொக்கி, நான்காவது ழ். இன்றைய யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் அதே சொல்லுக்குப் பதினைந்து பைட் ஆகும். நமக்கு நான்குதான் வேண்டும். கிரெப் கட்டளையிடம் இந்த நான்கு எண்களைக் கொடுத்து, படிமம் முழுவதையும் ஒரே பைட் வரிசையாகத் தேடச் சொல்ல வேண்டும். கோப்பு இருக்கிறதா, அழிந்ததா, பெயர் உண்டா என்று அது பார்க்காது. ‘தமிழ்ப்பள்ளி’, ‘தமிழ்ச் சங்கம்’, ‘தமிழ்மொழி’ என்று எங்கே எழுதியிருந்தாலும் அந்த இடத்தின் எண்ணைச் சொல்லிவிடும். 41,500 என்று சொன்னால் 512ஆல் வகுங்கள், 81ஆம் செக்டர். 31ஐக் கழித்தால் 50ஆம் துண்டு. அங்கிருந்து முன்னும் பின்னும் படித்துக்கொண்டு போகலாம். அக்காலத்தில் மென்பொருளுக்கு ஒரு குறியீடு இருந்தது. டிஸ்கியில் கிடைக்காவிட்டால் அந்த மென்பொருளின் எழுத்து அட்டவணையைப் பார்த்து வேறு நான்கு எண்களைக் கொடுத்துத் தேட வேண்டும்.

கிடைத்த பைட்டுகளை இன்றைய தமிழாக்குவதிலும் கவனம் வேண்டும். டிஸ்கி எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கும். ‘கொ’ என்பது அதில் மூன்று பைட்: 166 ஒற்றைக் கொம்பு, 184 ககரம், 161 கால். யூனிகோடில் ககரம் முதலில் வரும், ஒகரக் குறி ஒன்றாக அதன் பின்னால் வரும். ஒவ்வொரு பைட்டாக மட்டும் பார்த்துப் பெயர்க்கும் மாற்றி இங்கே சறுக்கும். கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், நன்கொடைப் பட்டியலில் ‘நன்கொடை’ என்ற சொல்லே சிதையும். ஆகவே மாற்றிய கோப்பைத் தனியாக வையுங்கள், படிமத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டி அதன் பக்கத்திலேயே வையுங்கள். இதைவிட நல்ல மாற்றி ஒன்றை நாளை யாராவது எழுதும்போது அவருக்கு வேண்டியிருப்பது அந்த 1,474,560 பைட்டுகள்தான்.